நிறுவனத்துக்கு எந்த ஊர்?

அமெரிக்கச் சட்டத்தின் கண்ணுக்கு ஒரு கார்ப்பரேஷன் ஏறத்தாழ ஒரு மனிதனைப் போன்றது. அதற்குப் பிறந்த ஊர் உண்டு. அது பதிவு செய்யப்பட்ட மாநிலம். வாழும் ஊரும் உண்டு; அதன் தலைமை அதிகாரிகள் அமர்ந்து ஆணையிடும் மாநிலம். பங்குதாரர்கள் பத்து லட்சம் பேர் எங்கெங்கே சிதறிக் கிடந்தாலும் நீதிமன்றம் அவர்களைப் பற்றிக் கேட்பதில்லை. எல்.எல்.சி. என்று வழங்கப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனத்தின் கதை வேறு. கூட்டாட்சி நீதிமன்றத்தைப் பொறுத்தவரை அதற்கென்று ஓர் ஊர் கிடையாது. அதன் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் எது ஊரோ அதுவே அதற்கும் ஊர். பத்து உறுப்பினர்கள் பத்து மாநிலங்களில் இருந்தால் நிறுவனம் பத்து மாநிலங்களின் குடி. அந்தப் பத்தில் ஒன்று மனிதராக இல்லாமல் இன்னோர் எல்.எல்.சி.யாக இருந்தால், அதற்குள்ளும் நுழைந்து அதன் உறுப்பினர்களைத் தேட வேண்டும். பள்ளிக் கணக்கில் நாம் வரைந்த காரணிச் செடியைப் போல் கிளைக்குள் கிளையாக அது இறங்கிக்கொண்டே போகும். (இந்த உவமை எனதன்று. 2017இல் பதினோராம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பொன்று இதே உவமையுடன்தான் தொடங்குகிறது.)

நான் வழக்கறிஞன் அல்லன். சிகாகோவின் மேற்குப் புறநகர் ஒன்றில் ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் மிகச் சிறிய எல்.எல்.சி. ஒன்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு உரியவன். அதன் கணக்கை எழுதுபவன். 2018இல் எங்கள் வழக்கு ஒன்றின்போது மேற்சொன்ன விதி எங்களுள் ஒருவரது வாழ்க்கைக்குள் புகுந்தது. நான்கு ஆண்டுகளாகத் தம் வீட்டாரிடமும் அவர் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைச் சத்தியத்தின் பேரில் சொல்லச் சொன்னது. இதை எழுதிக்கொள்ள அவர் ஒப்புதல் தந்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். எங்களைவிட வயதில் மூத்தவர் என்பதால் நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றே அழைப்போம். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

அண்ணனிடம் போவதற்கு முன் சட்டத்தின் பழைய வீதிகளில் சற்று நடந்தாக வேண்டும். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். அவ்வீதிகளிலும் சுவையான மனிதர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் நீதிமன்றங்கள் இரண்டு வரிசைகளில் இயங்குகின்றன. மாநில நீதிமன்றங்களின் வாசல் அகலமானது. கூட்டாட்சி நீதிமன்றங்களின் வாசல் குறுகியது. அரசியல் சாசனத்தின் மூன்றாம் பிரிவு எண்ணிச் சொல்லியிருக்கும் வகைகளுள் அடங்கும் வழக்குகளே அதன் வழியே நுழைய முடியும். அவ்வகைகளுள் ஒன்று, வெவ்வேறு மாநிலங்களின் குடிமக்களுக்கு இடையே எழும் வழக்கு. டைவர்சிட்டி என்று ஒற்றைச் சொல்லில் குறிப்பிடுவார்கள். உள்ளூர்க்காரனுக்கும் வெளியூர்க்காரனுக்கும் பிணக்கு வந்தால் உள்ளூர் நீதிபதியும் உள்ளூர் ஜூரியும் தம் ஆள் பக்கம் சாய்ந்துவிடக்கூடும் என்ற அச்சமே இதன் வேர். ஊர்ப் பஞ்சாயத்தில் அசலூரான் ஒருவன் கைகட்டி நின்றதைப் பார்த்திருப்பவர்களுக்கு இவ்வச்சத்தை விளக்க வேண்டியதில்லை. 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் 500 டாலருக்கு மேற்பட்ட வழக்குகளுக்கு இவ்வாசலைத் திறந்தது. இன்று வழக்கின் மதிப்பு 75,000 டாலரைத் தாண்ட வேண்டும்.

1806இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் ஸ்ட்ராபிரிட்ஜ் வழக்கில் மிகச் சுருக்கமான தீர்ப்பொன்றை எழுதினார். வழக்காளர் பக்கத்தில் உள்ள எவரும் எதிர்ப்பக்கத்தில் உள்ள எவருடனும் ஒரே மாநிலத்தவராக இருத்தல் ஆகாது என்பது அதன் சாரம். ஒருவர் பொதுவாக இருந்தாலும் கதவு மூடிவிடும். இன்றுவரை பெரும்பாலான வழக்குகளுக்கு இதுவே விதி.

இவ்விதியை மீறி நடந்த வழக்கு எந்தக் கட்டத்திலும் சரிந்து விழலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டாலும் அதிகாரம் பிறக்காது; யாரும் கேட்காவிட்டாலும் நீதிபதி தாமே கேட்டாக வேண்டும். 1804இல் கேப்ரன் என்பவர் தாமே வழக்குத் தொடுத்தார், தோற்றார். பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், இரு தரப்பின் குடிமை வேறுபாட்டை நானே என் மனுவில் நிறுவவில்லை, ஆகவே என்னைத் தோற்கடிக்க அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இருக்கவில்லை என்று வாதிட்டார். வென்றும்விட்டார்! திண்ணையில் உட்கார்ந்து கேட்க வேண்டிய கதை.

கார்ப்பரேஷன் பக்கம் வருவோம். 1809இல் மார்ஷல், கார்ப்பரேஷன் என்பது கண்ணுக்குப் புலப்படாத கற்பனைப் பொருள், அது குடிமகன் ஆகாது, அதற்குப் பின்னால் நிற்கும் மனிதர்களையே பார்க்க வேண்டும் என்றார். அதாவது இன்று எல்.எல்.சி.க்கு உள்ள விதி அன்று கார்ப்பரேஷனுக்கு இருந்தது. இரயில் பாதைகள் போடப்பட்டன, பங்குகள் கைமாறின, பங்குதாரர்களைத் தேடிப் பிடிப்பது நடவாத செயலாயிற்று. மார்ஷலே தம் தீர்ப்பைக் குறித்துப் பின்னாளில் வருந்தியதாக 1844ஆம் ஆண்டின் லெட்சன் தீர்ப்பு பதிவு செய்கிறது. அத்தீர்ப்பு கார்ப்பரேஷனைப் பதிவான மாநிலத்தின் குடியாகவே கொண்டது. 1853இல் நீதிமன்றம் இன்னும் விசித்திரமான ஒரு வழியைக் கண்டது: பங்குதாரர்கள் எல்லோரும் நிறுவனம் பதிவான மாநிலத்திலேயே வாழ்வதாகக் கொள்வோம், அதை மறுத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை என்று. பொய் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை மெய்யெனக் கொள்ளும் இச்சாமர்த்தியம் எனக்கு நாடக மேடையை நினைவூட்டுகிறது. இரண்டு பேர் நின்றால் சேனை என்று நாம் ஒப்புக்கொள்வதில்லையா?

காகிதத்தில் பிறந்த ஊரைக் காகிதத்தாலேயே மாற்றிக்கொள்ளலாம். கென்டக்கி மாநிலத்தின் பவுலிங் கிரீன் இரயில் நிலையத்து வாடகைக் கார் நிறுவனம் ஒன்று, உள்ளூர்ப் போட்டியாளர்மேல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும் என்பதற்காகவே தன்னைக் கலைத்துக்கொண்டு டென்னஸியில் மறுபிறவி எடுத்தது. கார்களும் அவை ஓடிய வீதிகளும் மாறவில்லை. 1928இல் உச்ச நீதிமன்றம் அதையும் ஏற்றது. ஹோம்ஸ் மாறுபட்டு எழுதினார். 1958இல் காங்கிரஸ் தலையிட்டு, பதிவான மாநிலத்தோடு முதன்மைத் தொழிலிடத்தையும் கார்ப்பரேஷனின் ஊராகச் சேர்த்தது. அந்த முதன்மை இடம் நிறுவனத்தின் மூளை இருக்கும் இடமே என்று 2010இல் ஹெர்ட்ஸ் வழக்கில் முடிவாயிற்று.

ஆனால் கார்ப்பரேஷன் என்ற பெயர் இல்லாத அமைப்புகளுக்கு இச்சலுகை எட்டவில்லை. கூட்டுப் பங்கு நிறுவனத்துக்கு 1889இல் மறுக்கப்பட்டது. தொழிற்சங்கத்துக்கு 1965இல் மறுக்கப்பட்டது. எல்.எல்.சி. என்ற பிறவி அப்போது தோன்றியிருக்கவே இல்லை. எண்ணெய் நிறுவனம் ஒன்றின் முயற்சியால் 1977இல் வயோமிங் மாநிலம் முதன்முதலில் அதற்குச் சட்டம் செய்தது. 1988இல் வருமான வரித்துறை அதைக் கூட்டாண்மை போல நடத்த இசைந்தது. நிறுவனத்துக்கு ஒரு வரி, பங்குதாரருக்கு மறுபடி ஒரு வரி என்ற இரட்டை வரி இல்லை. கடன் வந்தால் சொந்த வீட்டுக்கு ஆபத்தும் இல்லை. சில ஆண்டுகளுக்குள் எல்லா மாநிலங்களும் பின்தொடர்ந்தன. பல் மருத்துவர் முதல் பலகோடி முதலீட்டு நிதியம் வரை எல்லோரும் எல்.எல்.சி. ஆனார்கள்.

1990இல் கார்டன் வழக்கு வந்தது. அது வரையறுக்கப்பட்ட கூட்டாண்மை பற்றியது, ஆனால் எல்.எல்.சி.யின் தலையெழுத்தும் அங்கேதான் எழுதப்பட்டது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், ஸ்காலியாவின் எழுத்தில், கூட்டாளிகள் அனைவரின் மாநிலங்களையும் பார்த்தாக வேண்டும் என்று முடிவாயிற்று. வணிக உருவங்கள் மாறும்போது விதியை மாற்றுவது காங்கிரசின் வேலை என்றார் ஸ்காலியா. ஓ'கானர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு, நிறுவனத்தை உண்மையில் ஆள்பவர்களைப் பார்த்தால் போதும் என்றது. எனக்கு ஓ'கானர் சொன்னதே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. 1998இல் ஏழாம் வட்டாரத்தின் ரிச்சர்ட் போஸ்னர் இவ்விதியை எல்.எல்.சி.க்கு நீட்டினார், ஏனைய வட்டாரங்களும் அவ்வழியே சென்றன. காங்கிரஸ் சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. 2005இல் குழு வழக்குகளுக்கான சட்டம் செய்தபோது, அத்தகைய வழக்குகளில் மட்டும் பதிவாகாத அமைப்புகளையும் கார்ப்பரேஷன் போலவே, பதிவு மாநிலத்தையும் தொழிலிடத்தையும் கொண்டு பார்க்கலாம் என்று ஒரு வரி எழுதியது. ஏனைய வழக்குகளுக்கு அவ்வரியை நீட்ட இன்றுவரை யாருக்கும் மனம் வரவில்லை.

இதன் விலை என்ன என்பதற்கு 2003ஆம் ஆண்டின் பெல்வில் கேட்டரிங் வழக்கைச் சொல்வார்கள். இல்லினாயின் ஷாம்பெய்ன் நகரத்து வணிக வளாகத்தில் இடம் குத்தகைக்கு எடுத்ததில் எழுந்த தகராறு. ஜூரி அமர்ந்து, வளாகத்துக்குச் சொந்தமான எல்.எல்.சி.க்கு 220,000 டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில்தான் நீதிபதிகள் கேட்டார்கள், இந்த எல்.எல்.சி.யின் உறுப்பினர்கள் யார் என்று. அதுவரை எல்லோரும் அதைக் கார்ப்பரேஷனாகவே எண்ணி வந்திருக்கிறார்கள். பார்த்தால் இரு பக்கமும் இல்லினாய். போதாக்குறைக்கு, மிசௌரியில் பதிவானதாகச் சொல்லப்பட்ட எதிர் நிறுவனமும் இல்லினாயில் பதிவானதுதான்! ஈஸ்டர்புரூக் எழுதிய தீர்ப்பு அனைத்தையும் செல்லாததாக்கியது. மாநில நீதிமன்றத்தில் இவ்வழக்கை மறுபடி நடத்தக் கூடுதல் கட்டணம் வாங்காமல் உழைப்பதே இரு தரப்பு வழக்கறிஞர்களும் தம் கட்சிக்காரர்களுக்குச் செய்யக்கூடிய நியாயம் என்றும் அவர் எழுதினார்.

இனி எங்கள் கதை.

எங்கள் எல்.எல்.சி.யின் சொத்து, ஆறு கடைகள் கொண்ட ஒரு மாடிக் கட்டடம். தையற்கடை, பிட்சாக் கடை, வரிக்கணக்கு எழுதித் தருபவர், இப்படி. 2017 கோடையில் எலுமிச்சம்பழ அளவில் ஆலங்கட்டி பெய்து கூரையும் கூரைமேல் இருந்த குளிர்சாதனப் பெட்டிகளும் நாசமாயின. பழுதுபார்க்க 130,000 டாலர் ஆகும் என்றார் ஒப்பந்தக்காரர். காப்பீட்டு நிறுவனம் 28,000 தருவதாகச் சொன்னது. மீதியெல்லாம் பழைய தேய்மானமாம். மறு ஆண்டு வசந்தத்தில் எங்கள் கவுண்டியின் மாநில நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தோம். முப்பது நாட்கள் முடிவதற்குள் அவர்கள் அதைச் சிகாகோவின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு மாற்றிவிட்டார்கள். பிரதிவாதிக்கு அவ்வுரிமை உண்டு. அவர்கள் வேறு மாநிலத்துக் கார்ப்பரேஷன், நாங்கள் இல்லினாய்க்காரர்கள், எங்களிடம் ஜூரி சாய்ந்துவிடுமாம். ஆறு கடைகளின் சொந்தக்காரர்களான ஐந்து தமிழர்களிடம் அப்படிச் சாய உள்ளூர் ஜூரிக்கு என்ன உறவோ தெரியவில்லை!

எங்கள் வழக்கறிஞர் அம்மையாருக்கு மாநில நீதிமன்றமே வேண்டியிருந்தது. அருகில் இருக்கிறது, செலவு குறைவு, அதே ஆலங்கட்டியில் தம் காரின் கூரையைப் பறிகொடுத்தவர்கள் ஜூரியில் அமர்வார்கள். ஆனால் மாற்றத்தை முதலில் கேள்விக்கு உட்படுத்தியவர் அவர் அல்லர், நீதிபதியே. எல்.எல்.சி.யின் உறுப்பினர்கள் அனைவரும் தாங்கள் அறிந்தவரை இல்லினாயில் வசிப்பவர்கள் என்று காப்பீட்டு நிறுவனம் எழுதியிருந்தது. ஒரே பக்கத்தில் ஓர் உத்தரவு வந்தது: வசிப்பது வேறு, குடியாக இருப்பது வேறு, அறிந்தவரை என்பதும் போதாது. 14 நாட்களுக்குள் ஒவ்வோர் உறுப்பினரின் குடிமையையும் தெரிவிக்க வேண்டும்.

அம்மையார் எங்களை ஒவ்வொருவராக விசாரித்தார். நானும் இன்னும் இருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்று இல்லினாயில் வாழ்பவர்கள், சிக்கல் இல்லை. நான்காமவர் கிரீன் கார்டு வைத்திருக்கும் இந்தியக் குடிமகன். சட்டத்துக்கு அவர் அயல்நாட்டார், அதனாலும் கேடில்லை. ஐந்தாவதாக அண்ணன்.

அண்ணன் 1990களில் வந்தவர். 2006இல் அமெரிக்கக் குடிமகன் ஆனவர். 2014இல் தந்தைக்கு உடல்நலம் குன்றியபோது, ஆறு மாதத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டு மனைவியோடு லால்குடிக்குப் போனார். மகள் இங்கே கல்லூரியில் இருந்தாள். 2016இல் தந்தை மறைந்தார். தாய் இருந்தார். ஆறு மாதம் என்பது நான்கு ஆண்டுகளாக நீண்டது. ஒவ்வோர் ஆண்டும், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பார்.

இவ்விடத்தில் சட்டம் செய்யும் விந்தையைக் கவனிக்க வேண்டும். ஒருவர் ஒரு மாநிலத்தின் குடியாக இருக்க இரண்டு வேண்டும்: அவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், அம்மாநிலம் அவருடைய நிலைவாழிடமாக இருக்க வேண்டும். டொமிசைல் என்பதைத்தான் நிலைவாழிடம் என்கிறேன். அமெரிக்கக் குடிமகன் ஒருவர் வெளிநாட்டைத் தம் நிலைவாழிடமாக்கிக்கொண்டால் அவர் எந்த மாநிலத்துக்கும் குடி அல்லர். அமெரிக்கக் குடிமகன் என்பதால் அயல்நாட்டாரும் அல்லர். டைவர்சிட்டியின் எந்த அறையிலும் அவருக்கு இடமில்லை. வெனிசுவேலாவில் குடியேறிய அமெரிக்கர் ஒருவரைப் பற்றி 1989இல் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் சொன்னது. அவ்வழக்கில் அவரை மட்டும் நீக்கிவிட்டு வழக்கைக் காப்பாற்ற முடிந்தது. அவர் பிரதிவாதிகளுள் ஒருவர். அண்ணனை அப்படிக் கழற்றிவிட முடியாது. அவர் வழக்காளர் அல்லர், வழக்காளரின் ஓர் உறுப்பு. அவர் லால்குடிக்காரர் என்றால் எங்கள் நிறுவனம் முழுவதுமே மாநிலமற்றது. வழக்கு எங்கள் கவுண்டிக்குத் திரும்பிவிடும். அவர் இன்னமும் இல்லினாய்க்காரர் என்றால் வழக்கு சிகாகோவில் நடக்கும்.

எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நின்றது: அண்ணன் திரும்பி வருவாரா?

நிலைவாழிடம் என்பது உடலும் எண்ணமும் சேர்ந்தது. ஓரிடத்தில் இருக்க வேண்டும். அங்கேயே தங்கும் எண்ணமும் இருக்க வேண்டும். புதியது கிடைக்கும்வரை பழையது விட்டுப்போகாது. ஆகவே லால்குடியில் நான்கு ஆண்டுகள் இருந்தது மட்டும் போதாது. ஆறு மாதத்தில் திரும்பும் எண்ணத்தோடு நாற்பது ஆண்டுகள் இருந்தாலும் அவர் இல்லினாய்க்காரர்தான் என்று வாதிடலாம். நம் ஊரில் தாசில்தார் நேட்டிவிட்டி சான்றிதழ் தருகிறார். அவர் பார்ப்பது ஏடுகளை, விண்ணப்பதாரரின் நெஞ்சை அன்று.

அம்மையார் கேள்விப் பட்டியல் ஒன்றை அனுப்பினார். ஓட்டுநர் உரிமம் எங்கே? வங்கிக் கணக்கு எங்கே? மருத்துவர் எங்கே? உங்கள் பொருட்கள் எங்கே இருக்கின்றன? கடைசியாக, எங்கே தங்கியிருக்க எண்ணுகிறீர்கள்? நானும் அண்ணனும் இரவில் பேசினோம்; அவருக்கு அது விடிகாலை. முதல் நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதிவிட்டார். ஐந்தாவதில் நின்றுகொண்டார்.

"வரமாட்டேன்னு நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல தம்பி. இவகிட்டயே சொன்னதில்ல. கோர்ட்டுக்கு முதல்ல சொல்லணுமா?" என்றார்.

எது வேண்டுமானாலும் எழுதுங்கள் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. அம்மையாரும் சொல்லவில்லை. எது எங்களுக்கு அனுகூலம் என்பதை விளக்கிவிட்டு, உண்மை எதுவோ அதை மட்டும் எழுதுங்கள், பொய்ச் சத்தியம் குற்றம் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் குறிப்பிட்டிருந்தார். வேறொன்றையும் எழுதியிருந்தார். என்றென்றைக்கும் என்று சத்தியம் செய்ய வேண்டியதில்லை. இப்போதைக்குப் புறப்படும் எண்ணம் இல்லாமல், முடிவு தேதி எதுவும் வைத்துக்கொள்ளாமல் அங்கே இருக்கிறீர்கள் என்றால் போதும். என்றாவது ஒருநாள் திரும்பலாம் என்ற நினைப்பைச் சட்டம் மிதக்கும் எண்ணம் என்கிறது. அது கணக்கில் வராது.

மிதக்கும் எண்ணம். இச்சொற்றொடரை அண்ணனுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். இருபது ஆண்டுகள் இங்கே இருந்தபோது என்றாவது ஊருக்குத் திரும்புவோம் என்று நாமெல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோமே, அதுவும் இதுதானா என்று கேட்டார். ஆம், அப்போது நாம் மிதந்தது இந்தப் பக்கமிருந்து என்றேன்.

அன்று பகலில் அவர் மனைவியிடம் பேசியிருக்கிறார். அண்ணி வியப்படையவில்லையாம். அப்பா நிலத்தில் நீங்க போர் போட்டப்பவே தெரியும் என்றாராம். மகளிடம் சொல்வதுதான் கடினமாயிற்று. நீதிமன்ற ஆவணம் பொது ஆவணம்; யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் படிக்கலாம். அவள் அங்கே படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று, கையெழுத்திடுவதற்கு முந்தைய நாள் அழைத்துச் சொன்னார். அவள் வெகுநேரம் பேசவில்லையாம். பிறகு, என் பியானோ என்ன ஆகும் என்று மட்டும் கேட்டாளாம்.

அந்தப் பியானோ வழக்கிலும் வந்தது. 2014இல் வீட்டை விற்றபோது அண்ணன் தம் பொருட்களை நேப்பர்வில்லில் ஒரு சேமிப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தார். மாதம் 94 டாலர் வாடகை. கட்டில், சாப்பாட்டு மேசை, பியானோ, பதினோரு பெட்டிகள் நிறையத் தமிழ்ப் புத்தகங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் இதைப் பிடித்துக்கொண்டார். திரும்பும் எண்ணம் இல்லாத மனிதர் நான்கு ஆண்டுகள் வாடகை கொடுத்து ஒரு மேசையை வைத்திருப்பாரா? ஓட்டுநர் உரிமம் 2019வரை செல்லும். சிகாகோ வங்கியில் கணக்கு இருக்கிறது. 2016 தேர்தலில் இல்லினாய் வழியாகத் தபால் வாக்கு அளித்திருக்கிறார். மகள் இங்கே இருக்கிறாள். இவர் இல்லினாய்க்காரர் அல்லாமல் வேறு யார்?

அந்த மனுவைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்வைச் சொல்வது கடினம். கூரைக்கான பணத்தை மறுக்கும் ஒரு நிறுவனம், 20 பக்கங்களில், அடிக்குறிப்புகளுடன், இந்த மனிதர் எங்களவர், இவருடைய வீடு இதுதான், இவர் கட்டாயம் வருவார் என்று வாதாடுகிறது. இவ்வளவு உறுதியாக அவரை இந்நாட்டுக்கு உரியவர் என்று அதற்கு முன் யாரும் எழுதியதில்லை. அதை மறுத்துச் சத்தியம் செய்ய வேண்டியவராக அண்ணன் லால்குடியில் உட்கார்ந்திருந்தார்.

அவரது உறுதிமொழிப் பத்திரம் ஒன்றரைப் பக்கம். பரம்பரை நிலத்தில் நெல் பயிரிடுவதை எழுதினார். தாயின் வயதை எழுதினார். வெளிநாட்டில் வாழும் அமெரிக்கர்கள், தாம் கடைசியாக வாழ்ந்த மாநிலத்தின் வழியே கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்க 1986ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிப்பதை அம்மையார் சேர்த்தார். ஓ.சி.ஐ. அட்டையின் நகலும் இணைக்கப்பட்டது. சேமிப்பறையைப் பற்றி அண்ணன் தம் கையாலேயே எழுதிய வாக்கியத்தை அம்மையார் மாற்றாமல் விட்டுவிட்டார்: அதைக் காலி செய்தால் மகள் வருந்துவாள் என்பதால் வைத்திருந்தேன், திரும்புவதற்காக அல்ல. இறுதி வரியில், முடிவு தேதி எதுவுமின்றி இந்தியாவில் தங்கியிருக்க எண்ணுகிறேன், 2016 முதல் அவ்வாறே எண்ணி வந்திருக்கிறேன் என்று இருந்தது. அந்த ஆண்டு முக்கியம். வழக்குத் தொடுத்த நாளிலும் மாற்றிய நாளிலும் நிலைமை என்ன என்பதையே நீதிமன்றம் பார்க்கும். பின்னால் ஏற்பட்ட மனமாற்றம் உதவாது.

ஆறு வாரம் கழித்து உத்தரவு வந்தது. நான்கு பக்கம். வழக்கை மாற்றிக் கொண்டுவந்தவர்மேலேயே அதிகாரத்தை நிறுவும் பொறுப்பு இருக்கிறது. ஐயம் எழுந்தால் மாநில நீதிமன்றத்தின் பக்கமே தீர்க்க வேண்டும். மேசையும் பியானோவும் ஒருவரது சத்தியத்தை வெல்லப் போதுமானவை அல்ல. ஆகவே உறுப்பினர் ஒருவர் எந்த மாநிலத்துக்கும் குடி அல்லர், எல்.எல்.சி.யும் அவ்வாறே. வழக்கு திருப்பி அனுப்பப்பட்டது. இத்தகைய உத்தரவின்மேல் பெரும்பாலும் மேல்முறையீடும் கிடையாது. 2019 தொடக்கத்தில் காப்பீட்டு நிறுவனம் 96,000 டாலருக்கு இணங்கியது. கூரை போட்டோம்.

பெரிய முதலீட்டு நிதியங்களின் நிலையை எண்ணிப் பார்க்கிறேன். அடுக்கடுக்கான எல்.எல்.சி.கள், நூற்றுக்கணக்கான உறுப்பினர்கள், பெயர் வெளிவர விரும்பாதவர்கள். அவர்களுள் யாரோ ஒருவர் போர்ச்சுகலில் ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு திரும்ப மனமில்லாமல் உட்கார்ந்திருந்தால், கோடிக்கணக்கான டாலர் வழக்கு அந்த மனத்தால் கவிழும். மூன்றாம் வட்டாரமும் ஒன்பதாம் வட்டாரமும் சற்று இளக்கம் காட்டியிருக்கின்றன. எதிர்தரப்பு எல்.எல்.சி.யின் உறுப்பினர்கள் யார் என்று இயன்றவரை தேடியபின், அவர்களுள் எவரும் என் மாநிலத்தவர் அல்லர் என்று மட்டும் சொல்லி வழக்கைத் தொடங்கலாம்; ஆனால் எதிர்தரப்பு மறுத்தால் நிறுவித்தான் ஆக வேண்டும். 2016இல் அமெரிக்கோல்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகப் பழைய விதியையே பிடித்து நின்றது. 2022 டிசம்பர் முதல் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதி 7.1, டைவர்சிட்டி வழக்குகளில் ஒவ்வொரு தரப்பும் யார் யாருடைய குடிமை தன்மேல் ஏறுகிறது என்பதைத் தொடக்கத்திலேயே பெயரோடு அறிவிக்க வேண்டும் என்கிறது. பெல்வில் போல ஜூரி தீர்ப்புவரை போய்ச் சரிவது இனிக் குறையலாம்.

அண்ணன் அந்த ஆண்டே சேமிப்பறையைக் காலி செய்யச் சொன்னார். பியானோவை மகள் எடுத்துக்கொண்டாள். கட்டிலும் மேசையும் தானமாகப் போயின. பதினோரு பெட்டிப் புத்தகங்களும் என் வீட்டின் நிலவறைக்கு வந்தன. ஒரு பெட்டியில் ஈரம் ஏறியிருந்தது, மற்றவை நன்றாகவே இருக்கின்றன. 2021இல் அவர் தம் பங்கை மகள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். அவள் அடுத்த ஆண்டு வேலை கிடைத்து டாலஸுக்குப் போய், அங்கே வீடும் வாங்கிவிட்டாள். கிரீன் கார்டு நண்பரும் இதற்கிடையே அமெரிக்கக் குடிமகன் ஆனார். சென்ற ஆண்டு கூரை போட்டவர்மேலேயே ஒரு வழக்குத் தொடுக்க வேண்டி வந்தது. அம்மையார் முதலில் கேட்டது உறுப்பினர் பட்டியலைத்தான். இல்லினாய், டெக்சாஸ் என்று எழுதி அனுப்பினேன். எதிர்தரப்பும் ஓர் எல்.எல்.சி.; அதன் உறுப்பினர் ஒருவரும் டெக்சாஸ்காரராம். ஆகவே இம்முறை சிகாகோவின் பக்கமே போகவில்லை.